அமுக்கிய காற்றைக் குளிர்வித்தல்: இன்ரர்கூலர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

டேர்போ பொருத்திய கார் ஒன்றை உடையவர் அதன் வலுவை மேலும் பெருக்க விரும்புமிடத்து எதிர்கொள்ளும் முதல் வினாக்களுள் ஒன்று, தொழிற்சாலை பொருத்திய இன்ரர்கூலரை அகற்றிப் பெரியதொன்றைப் பொருத்துவதா, அன்றி உள்ளதைக் கொண்டே அமைவதா என்பதாகும். இது பொழுதுபோக்காளரின் சிறு விவகாரமாகத் தோன்றலாம். எனினும் இவ்வினா கராச்சுகளிலே பிறந்ததன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமான எஞ்சின்களை ஆக்கியோர் இதே வினாவுக்கு விடைகாண வேண்டியவராயினர். அவர்தம் விடையிலே விமானிகளின் உயிர் தங்கியிருந்தது. பின்னர் பந்தயக் கார்களை ஆக்கியோர் அதனை மீண்டும் எழுப்பினர். அவர்கள் கண்ட விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோற்றினும், அம்முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு இன்ரர்கூலரின் தொழிற்பாடு முதலில் தெளிவுறல் வேண்டும்.

எஞ்சினின் வலு, உருளைக்குள் எவ்வளவு எரிபொருளை எரிக்கலாம் என்பதைப் பொறுத்தது. எரிபொருளின் அளவு உட்செல்லும் ஒட்சிசனின் அளவைப் பொறுத்தது. காற்றை அமுக்கி உட்செலுத்தின் ஒரே கொள்ளளவில் கூடிய ஒட்சிசன் புகும். கழிவு வாயுவால் சுழலும் சுழலி ஒன்றைக் கொண்டு இவ்வமுக்கத்தைப் பெறுவதே டேர்போவின் தத்துவம். சுவிற்சலாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி 1905 இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். ஆயின் காற்றை அமுக்குந்தோறும் அது சூடேறுகின்றது. சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தோர் இதனை அறிவர்.

இவ்விடத்துச் சிறு கணக்கொன்று பயன் தரும். வெளிக்காற்றின் வெப்பநிலை 27 பாகை எனக் கொள்க; இது கொழும்பின் சராசரி வெப்பநிலைக்கு அண்மையானது. நூற்றுக்கு 70 திறன் கொண்ட அமுக்கி ஒன்று அக்காற்றின் அமுக்கத்தை இருமடங்காக்குமாயின், வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகையாகும். வெப்பத்தால் காற்று விரிவதனால் அடர்த்தி இருமடங்காவதில்லை. ஒன்றரை மடங்கே ஆகின்றது. அமுக்கியை இயக்கியதன் பயனிற் பாதி இவ்வாறு இழக்கப்படுகின்றது. அதனினும் பெரிய தீங்கு வேறொன்று. சூடான கலவை, தீப்பொறியால் எழுந்த சுவாலை தன்னை வந்தடையுமுன்னரே தானாக வெடிக்கும் இயல்புடையது. தொழிலாளர் ‘நொக்கிங்’ என வழங்கும் இக்கோளாறு முசலத்தையே துளைத்துவிட வல்லது.

அமுக்கிக்கும் எஞ்சினுக்குமிடையே காற்றைக் குளிர்விக்கும் கருவியை வைப்பின் இவ்விரு தீங்குகளும் குறையும். அக்கருவியே இன்ரர்கூலர். (ஈரமுக்கங்களுக்கு இடையே நிற்பதற்கே இப்பெயர் முறையாக உரியது; இறுதி அமுக்கத்தின் பின் நிற்பதைப் ‘பின்குளிர்ப்பான்’ என்பதே பொருந்தும். ஆயினும் வழக்கு இலக்கணத்தை வென்றுவிட்டது.) மேற்கூறிய 120 பாகைக் காற்றை, ஏற்பட்ட சூட்டில் நூற்றுக்கு 70 பங்கை நீக்கவல்ல இன்ரர்கூலர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கொணரும். குழாய்களின் வழியே செல்லுங்கால் அமுக்கம் 2 இலிருந்து 1.9 ஆகக் குறைவதாகக் கொண்டாலும், அடர்த்தி 1.52 இலிருந்து 1.74 ஆக உயர்கின்றது. இது நூற்றுக்கு 14 அளவிலான பேறு.

இனி அதனினும் பெரிய இன்ரர்கூலரைப் பொருத்தி, 70 என்பதை 80 ஆக்கினால் விளைவது யாது? வெப்பநிலை 46 பாகைக்கு இறங்கும். அமுக்க இழப்பு முன்போலவே நின்றால் அடர்த்தி மேலும் நூற்றுக்கு 3 கூடும். புதிய கருவியின் நீண்ட குழாய்களாலும் நெருங்கிய தகடுகளாலும் அமுக்கம் 1.9 இலிருந்து 1.85 ஆகக் குறையுமாயின் அந்த 3 உம் இல்லாதொழிந்து, அடர்த்தி பழைய 1.74 இலேயே வந்து நிற்கும். ஒன்பது பாகைக் குளிர்ச்சி மாத்திரம் எஞ்சும். இல்லாத இடத்தில் இன்ரர்கூலரைப் புகுத்துவது வேறு, இருப்பதைப் பெரிதாக்குவது வேறு என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. இவ்வேறுபாட்டை வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் காணலாம்.

1941 ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜேர்மனியின் பொக்கே வுல்ஃப் 190 விமானம் ஆங்கிலக் கால்வாயின் மேல் தோன்றியபோது, பிரித்தானியரின் ஸ்பிற்பயர் ஐந்தாம் வகை அதற்கு ஈடுகொடுக்க இயலாது திணறியது. அக்காலை ரோல்ஸ் ரோய்ஸ் கம்பனியில் ஸ்ரான்லி ஹூக்கர் என்பார் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1938 இல் அங்கு சேர்ந்த அவர் அடிப்படையிற் கணிதவியலாளர். மேர்லின் எஞ்சினின் சுப்பர்சார்ஜரை அவர் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து திருத்தினார். மிக உயரத்திற் பறக்கும் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்கென, காற்றை இருமுறை அமுக்கும் சுப்பர்சார்ஜர் ஒன்று மேர்லினில் அமைக்கப்பட்டது. இருமுறை அமுக்கிய காற்றின் சூட்டை எஞ்சின் தாங்காது. ஆதலால் நீரினாற் குளிர்விக்கும் இன்ரர்கூலர் அதற்கு இன்றியமையாததாயிற்று. அதற்கெனத் தனிப் பம்பும் தனி றேடியேற்றரும் வேண்டியிருந்தன. எஞ்சின் ஏறத்தாழ ஒன்பது அங்குலம் நீண்டது. கம்பனியின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஏர்னஸ்ற் ஹைவ்ஸ் அவ்வெஞ்சினை ஸ்பிற்பயரிற் பொருத்தினால் என்னவென்று வினவினார். அவ்வாறு பிறந்த ஒன்பதாம் வகை 1942 நடுப்பகுதியிற் சேவையில் இறங்கியது. மணிக்கு ஏறத்தாழ 370 மைல் என்றிருந்த உச்ச வேகம் 400 மைலைக் கடந்தது.

ஈண்டு இன்ரர்கூலரைச் சேர்ப்பதா விடுவதா என்ற வினாவே எழவில்லை. அஃதின்றி இரண்டாம் அமுக்கமே இல்லை. எடையும் நீளமும் கூடின, ஆயின் பேறு அவற்றை விழுங்கிவிட்டது. முதன்முறை சேர்ப்பதன் பயனுக்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது.

இருப்பதை மாற்றுவதன் சிக்கலைக் காட்டுவது அமெரிக்காவின் லொக்ஹீட் பி-38 லைற்னிங் விமானம். 1939 சனவரியில் முதன்முதல் பறந்த அதன் இரண்டு அலிசன் எஞ்சின்களுக்கும் டேர்போக்கள் இருந்தன. இன்ரர்கூலருக்கு லொக்ஹீட் பொறியியலாளர் கண்ட வழி நயமானது. சிறகின் முன்விளிம்பையே அவர்கள் குளிர்விக்கும் பரப்பாக ஆக்கினர். சூடான காற்று சிறகின் நுனியை நோக்கிச் சென்று மீளும். சிறகின் மேல் வீசும் காற்று அதனைக் குளிர்விக்கும். தனிக் கருவி இல்லை, காற்றை எதிர்த்து நிற்கும் வாயில் இல்லை. எஞ்சின்கள் ஆயிரத்துச் சொச்சம் பரிவலுவைத் தந்த காலத்தில் இது போதியதாயிருந்தது.

போர் நீள நீள எஞ்சின்கள் வலுப்பெற்றன. சிறகோ அளவில் மாறவில்லை. எச் வகையில் எஞ்சின் 1,425 பரிவலுவுக்கு மதிப்பிடப்பட்டபோதும், உயரத்திலே அதனை முழுமையாகப் பெற இயலவில்லை. காற்றை அதற்குமேற் குளிர்விக்கச் சிறகின் விளிம்பால் முடியாமையே காரணம். அன்றியும் போரில் விளிம்பிற் குண்டு பட்டால் இன்ரர்கூலரும் கெடும். கட்டுப்பாடுகளைத் தவறான வரிசையில் இயக்கினால் அது வெடிக்கவுங்கூடும். ஆகவே 1943 ஓகத்தில் வந்த ஜே வகையில் முன்விளிம்பு முறை கைவிடப்பட்டது. றேடியேற்றரை ஒத்த தனி இன்ரர்கூலர் ஒவ்வோர் எஞ்சினின் கீழும் எண்ணெய்க் குளிர்ப்பான்களுக்கிடையே வைக்கப்பட்டது. மெலிந்த முகப்பு தாடைபோற் பருத்தது. அவ்வகையை வானில் இனங்காணத் தாடையே அடையாளமாயிற்று. அதே எஞ்சின், மாறியது இன்ரர்கூலர் ஒன்றே. ஆயினும் பெறக்கூடிய வலு கணிசமாகக் கூடியது. வெறுமையாகிய சிறகு விளிம்புகளில், ஆரம்பத் தொகுதிகளைத் தவிர்த்து, ஒவ்வொன்றும் 55 அமெரிக்கக் கலன் கொள்ளும் எரிபொருட் தாங்கிகள் வைக்கப்பட்டன. விமானம் செல்லக்கூடிய தூரமும் அதனால் நீண்டது. குளிர்விக்கும் கருவியை மாற்றியதன் மூலம் எரிபொருளுக்கும் இடம் கிடைத்தமை எதிர்பாராத ஊதியம் எனலாம்.

இவ்வளவில் நிறுத்தினால் இது வெற்றிக் கதையாக முடியும். ஆயின் ஐரோப்பிய வானத்திலே நிகழ்ந்தது வேறு. 1943 ஒக்டோபரில் அமெரிக்க எட்டாவது விமானப்படையின் 55 ஆம் போர்விமானக் குழு இங்கிலாந்திலிருந்து பி-38 ஐக் கொண்டு குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பறக்கத் தொடங்கியது. 25,000 அடிக்கு மேல் குளிர்காலக் காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 50 பாகை அளவுக்குச் சென்றது. அங்கே எஞ்சின்கள் அடிக்கடி பழுதடைந்தன. டேர்போக்களின் கட்டுப்பாட்டமைப்புகள் உறைந்து மந்தமாயின. விமானியின் கூண்டுக்குப் போதிய வெப்பமின்மையால் விமானிகள் விறைத்தனர். ஜே வகையின் புதிய இன்ரர்கூலர் வந்த பின்னரும் இத்துன்பம் தீரவில்லை. மாறாக, காற்றை அளவுக்கு மிஞ்சிக் குளிர்வித்ததன் மூலம் அதுவே துன்பத்துக்குத் துணைபோயிற்று என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மிகக் குளிர்ந்த காற்றில் எரிபொருள் செவ்வனே ஆவியாகாது. உருளைகளுக்குச் செல்லும் கலவை சமனாக இராது. எரிபொருளில் நொக்கிங்கைத் தடுக்கச் சேர்த்த ஈயச் சேர்வை வழியிலே பிரிந்து நிற்கும். இவ்வாறாகச் சூட்டினால் விளைவதாக அறியப்பட்ட நொக்கிங், குளிரினாலும் விளைய இடமுண்டாயிற்று.

குறை இன்ரர்கூலரிலா, எரிபொருளிலா, விமானிகளுக்குக் கற்பிக்கப்பட்ட செலுத்தும் முறையிலா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. விமானிகள் சுழற்சியைக் கூட்டி அமுக்கத்தைக் குறைத்துப் பறந்தமையால் டேர்போ போதிய வேலையின்றிக் குளிர்ந்தது என்போர் உளர். இன்ரர்கூலரின் வழியே செல்லும் காற்றை மட்டுப்படுத்தும் மடல்கள் ஜே வகையில் இருந்தன. ஆனால் இரண்டு எஞ்சின்களுக்கும் உரிய கட்டுப்பாடுகள் அனைத்தையும் தனியொருவனாகக் கவனித்து, பகை விமானத்தையும் கண்காணிக்க வேண்டிய விமானிக்கு அவை இன்னொரு சுமையாயின. காரணங்கள் பல சேர்ந்தே தீங்கு விளைந்தது எனக் கொள்வதே பொருத்தமானது. இன்ரர்கூலரைத் தனித்துக் குற்றவாளியாக்குதல் நியாயமன்று. ஆயினும் கருவியொன்றின் ஆற்றலைக் கூட்டியோர், அதனைச் சூழ்ந்த ஏனைய உறுப்புகளையும் அதனை இயக்குவோனையும் அவ்வாற்றலுக்கு இயைபுறச் செய்யத் தவறினர் என்பதை மறுத்தற்கில்லை. 1944 இன் பிற்பகுதிக்குள் எட்டாவது விமானப்படையின் பி-38 குழுக்கள் பி-51 மஸ்ராங்குக்கு மாற்றப்பட்டன. அந்த மஸ்ராங்கை இயக்கியது ஹூக்கரின் இருகட்ட மேர்லினே. வெப்பவலயமாகிய பசிபிக் களத்திலோ பி-38 இறுதிவரை புகழோடு விளங்கியது. அமெரிக்க விமானிகளுள் மிகக்கூடிய பகை விமானங்களை வீழ்த்திய றிச்சர்ட் பொங், 40 வெற்றிகளையும் அதிலேயே பெற்றார். ஒரே விமானம், ஒரே இன்ரர்கூலர். வானம் மாத்திரம் வேறு.

போர் முடிந்து நெடுங்காலம் கார்களில் இவ்வினா எழவில்லை. டேர்போவே கார்களுக்கு 1962 இற்றான் வந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவில் வெளியான ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர் இன்ரர்கூலரைத் தவிர்க்க விசித்திரமானதொரு வழியைக் கையாண்டது. நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை உட்செல்லும் காற்றிலே தெளித்து அது குளிர்விக்கப்பட்டது. திரவம் தீர்ந்தால் டேர்போவின் அமுக்கம் தானாகவே மட்டுப்படும். உரிமையாளர் பலர் பெற்றோலோடு இன்னொரு திரவத்தையும் ஊற்ற வேண்டும் என்பதை மறந்தனர் அல்லது விரும்பவில்லை. 1963 உடன் அக்கார் மறைந்தது. 1973 இல் வந்த பீ.எம்.டபிள்யூ. 2002 டேர்போவும் இன்ரர்கூலர் அற்றது. நொக்கிங்கைத் தவிர்க்க அதன் நெருக்கல் விகிதம் 6.9 ஆகத் தாழ்த்தப்பட்டது. அதன் விளைவாக டேர்போ விழித்துக்கொள்ளும்வரை அக்கார் சோம்பலாகவே ஓடியது.

போர்ஷே 911 டேர்போவின் வரலாறு விரித்துரைக்கத்தக்கது. 1974 இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட அதன் 3.0 லீற்றர் எஞ்சின் இன்ரர்கூலர் இன்றி 260 பரிவலுவைத் தந்தது. 1978 இற்கான வகையிற் கொள்ளளவு 3.3 லீற்றராக்கப்பட்டு, எஞ்சினின் மேல் இன்ரர்கூலர் ஒன்றும் வைக்கப்பட்டது. வலு 300 ஆயிற்று. நெருக்கல் விகிதமும் 6.5 இலிருந்து 7.0 ஆக உயர்த்தப்பட்டது. குளிர்ந்த காற்று தந்த பாதுகாப்பே இவ்வுயர்வுக்கு இடமளித்தது. ஆயின் இன்ரர்கூலருக்கு இடம் வேண்டி, திமிங்கில வால் எனப் புகழ்பெற்ற பின்சிறகை நீக்கி, தேநீர்த் தட்டைப் போன்ற புதியதொன்றை வைக்க நேர்ந்தது. கூடிய வலுவைத் தாங்க 917 பந்தயக் காரின் வழிவந்த பிறேக்குகளும் பொருத்தப்பட்டன. இன்ரர்கூலரைச் சேர்த்தவர் பிறேக்கையும் மாற்றினர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அக்காரின் பந்தய வடிவமாகிய 935 இலே இன்ரர்கூலர் சட்டப் பிரச்சினையாகவும் உருவெடுத்தது. 1976 இல் பொறியியலாளர் நோபேட் சிங்கரின் பொறுப்பில் ஆக்கப்பட்ட 935, காற்றாற் குளிர்விக்கும் இன்ரர்கூலரைப் பின்சிறகின் கீழ்க் கொண்டிருந்தது. முஜெல்லோ, வலெலுங்கா ஆகிய முதல் இரு பந்தயங்களிலும் அது வென்றது. சாதாரணக் காரின் பின்மூடி பந்தயக் காரிலும் பொருந்த வேண்டும் என அதிகாரிகள் வற்புறுத்தினர். இன்ரர்கூலர் அங்கே நின்றால் மூடி பொருந்தாது. ஆகவே போர்ஷே பந்தயப் பருவத்தின் நடுவிலே நீராற் குளிர்விக்கும் சிறிய இன்ரர்கூலர்களை அவசர அவசரமாக ஆக்க வேண்டியதாயிற்று. சில்வஸ்ரன், நூர்பேர்க்ரிங், ஒஸ்ரறைக்ரிங் ஆகிய மூன்று பந்தயங்களிலும் பீ.எம்.டபிள்யூ. வென்றது. வொட்கின்ஸ் கிளென்னிலும் டிஜோனிலும் மீண்டும் வென்றே போர்ஷே அவ்வாண்டின் பட்டத்தைக் காத்துக்கொண்டது.

மூன்றாண்டுகளின் பின்னர் கொலோனைச் சேர்ந்த கிரேமர் சகோதரரின் தனியார் பந்தயக் குழு, தொழிற்சாலையின் நீர்முறையைக் கைவிட்டு மீண்டும் காற்றாற் குளிர்விக்கும் இன்ரர்கூலரைத் தமது கே3 என்னும் 935 இற் பொருத்தியது. தொழிற்சாலை ஆக்கியதை உரிமையாளர் மாற்றி வென்றமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1979 இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் கிளவுஸ் லுட்விக்கும் விற்றிங்ரன் சகோதரரும் அக்காரிலேயே முதலிடம் பெற்றனர். (இரண்டாம் இடம் பெற்ற 935 ஐ ஓட்டியவர்களுள் ஒருவர் திரைப்பட நடிகர் போல் நியூமன்.) எனினும் கிரேமர் குழுவினர் இன்ரர்கூலரை மாத்திரம் மாற்றி அவ்வெற்றியை ஈட்டினர் எனக் கொள்ளலாகாது. காரின் உடலமைப்பையே அவர்கள் பெரிதும் திருத்தியிருந்தனர்.

வீதியிலோடும் கார்களுக்கு மீள்வோம். அமெரிக்கப் பியூக் கம்பனியின் 3.8 லீற்றர் டேர்போ எஞ்சின் 1984 இல் இன்ரர்கூலர் இன்றி 200 பரிவலுவைத் தந்தது. 1986 இல் இன்ரர்கூலர் சேர்ந்ததும் அது 235 ஆயிற்று. நூற்றுக்கு 17 அளவிலான இவ்வுயர்வு முன்னர்க் காட்டிய கணக்கை அண்மி நிற்கின்றது. 1987 இல் 245 பரிவலுவுடைய அவ்வெஞ்சினை மேலும் உயர்த்தி, 547 கார்கள் மாத்திரம் ஆக்கப்பட்ட ஜீ.என்.எக்ஸ். என்னும் வகை வெளியிடப்பட்டது. அதன் மதிப்பீடு 276. இவ்விரண்டாம் உயர்வுக்குப் பெரிய இன்ரர்கூலர் மட்டும் போதவில்லை. டேர்போவும் கழிவுக் குழாயும் பிறவும் மாற்றப்பட்டன. அதே ஆண்டில் ஃபோர்ட் கம்பனி பந்தய விதிகளின் பொருட்டு 500 கார்களை ஆக்கிய சியரா ஆர்.எஸ்.500 இன்னும் வெளிப்படையானது. பெரிய டேர்போவும் பெரிய இன்ரர்கூலரும் பொருத்தப்பட்டபோதும் வீதிக்காரின் வலு 204 இலிருந்து 224 ஆகவே உயர்ந்தது. ஒவ்வொரு காரிலும் மேலதிகமாக நான்கு எரிபொருட் தெளிப்பிகள் வைக்கப்பட்டிருந்தன, ஆயின் வீதிக்காரில் அவை இயங்கவில்லை. பந்தயத்தில் அமுக்கத்தைக் கூட்டி அவற்றையும் இயக்கியபோது அதே எஞ்சின் 500 பரிவலு அளவில் தந்தது. வீதியில் ஓட்டியவர் தமக்குத் தேவையற்ற இன்ரர்கூலரையே சுமந்து திரிந்தார் எனின் மிகையாகாது.

ஆகவே இன்று கார் ஒன்றின் இன்ரர்கூலரை மாற்ற எண்ணுபவர் முதலில் அறிய வேண்டியது, இருப்பது எந்த நிலையில் தோற்கின்றது என்பதே. இன்ரர்கூலருக்குள் நுழையும் காற்றினதும் வெளிவரும் காற்றினதும் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் ஓடும்போதே அளந்தால் விடை பெரும்பாலும் வெளிப்படும். வெளிவரும் காற்று வெளிக்காற்றைவிட 15 அல்லது 20 பாகை மாத்திரமே கூடியிருப்பின் பெரியதைப் பொருத்துவதால் வரும் பயன் சொற்பம். எந்த இன்ரர்கூலரும் வெளிக்காற்றிலும் தாழக் குளிர்விக்க வல்லதன்று. மலையேற்றத்திலோ நீண்ட வேக ஓட்டத்திலோ வெப்பநிலை தொடர்ந்து ஏறிக்கொண்டே போகுமாயின் மாற்றம் தகும். வாகன நெரிசலில் நின்றபின் மாத்திரம் சூடேறுமாயின் குறை பருமனில் இல்லை, அது வைக்கப்பட்ட இடத்தில் உள்ளது. சுபாறு இம்பிறேசாவிற் போன்று எஞ்சினின் மேலமர்ந்த இன்ரர்கூலர்கள் நிற்கும்போது எஞ்சினின் சூட்டையே குடிக்கின்றன. அதனை முகப்புக்குக் கொண்டுவரின் அச்சூடு நீங்கும். ஆனால் குழாய் நீளும், ஆக்சிலேற்றரை மிதித்தபின் அமுக்கம் எழும் நேரம் சிறிது கூடும், பின்னே நிற்கும் றேடியேற்றருக்குச் செல்லும் காற்றும் தடைப்படும். வெப்ப நாடுகளில் இக்கடைசிக் குறை அற்பமானதன்று. டேர்போவின் அமுக்கத்தைக் கூட்டும் எண்ணமே இல்லாதவருக்கு மேற்கூறிய எதுவும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

அண்மைக்கால எஞ்சின்கள் இவ்வினாவின் வடிவையே மாற்றியுள்ளன. 2007 அளவில் வொக்ஸ்வேகன் தனது 1.4 லீற்றர் டேர்போ எஞ்சினில், நீராற் குளிர்விக்கும் இன்ரர்கூலரை உட்செலுத்து குழாய்த் தொகுதிக்குள்ளேயே பதித்தது. அமுக்கியிலிருந்து உருளைவரை காற்று செல்லும் வழி மிகக் குறுகியது. தனிப் பம்பு, தனி றேடியேற்றர், எஞ்சினோடு ஒட்டிய குளிர்ப்பான் என அவ்வமைப்பை நோக்குவோருக்கு 1942 இன் மேர்லின் நினைவுக்கு வரும். இத்தகைய காரில் இன்ரர்கூலரை மட்டும் கழற்றிப் பெரியதை வைக்க இடமில்லை. வலுவைக் கூட்ட விழைவோர் முன்னே நிற்கும் நீர் றேடியேற்றரையும் அதன் பம்பையுமே முதலில் நோக்குகின்றனர்.